உடைத்துப் படித்த யூனிக்ஸ்

போன வாரம் உங்கள் சர்வர் ஒன்று படுத்துக்கொண்டபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் கிடப்பவளை மரியாதைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். திரை கறுத்ததும் உங்களில் பாதிப் பேர் ஒரே வாயாகக் கேட்டீர்கள்: "யாரு தொட்டது?" அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து போனதற்குக் காரணம் அதுதான். டீ நன்றாகவே இருந்தது.

இதே கேள்வியால் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஜெயந்தி என்ற பெண்ணுக்கு ஒரே காலைப்பொழுதில் வேலையும் போக இருந்தது, பேரும் போக இருந்தது. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் நான் யூனிக்ஸ் படித்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தக் காலையைச் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர். போர்டில் யூனிக்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். உள்ளே போய்க் கேட்டால், "அது மெட்ராஸ்லதாம்மா. இங்க நோட்ஸ் மட்டும் குடுப்போம்" என்பார்கள். நான் அப்போது ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கம்போஸ் செய்துகொண்டிருந்தேன். ஆபீஸ் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் ஓட்ட மில்களில் யூனிக்ஸ் மெஷின் வாங்குகிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சு. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல் எனக்கு ஏதோ தாசில்தார் உத்தியோகம் மாதிரிக் கேட்டது. ராத்திரி படுத்தால் அந்தச் சொல்தான் காதுக்குள் ஓடும்.

இன்றைக்கு உங்களுக்கு எல்லாம் இலவசம். அன்றைக்கு கம்பெனிக்காரன் விற்கும் யூனிக்ஸ் அவனவன் செய்த மெஷினில்தான் ஓடும். அந்த மெஷினின் விலையைக் கேட்டால் வீட்டை விற்றாலும் கட்டாது. ஆனால் இரண்டு சந்துகள் இருந்தன. ஒன்று, படிக்கிறவர்களுக்குத் தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு சில கம்பெனிகள் சிடி அனுப்பிவைத்தன. இன்னொன்று காயலான் கடை. மூடிப்போன ஆபீஸ்களின் மெஷின்களெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

வத்தலக்குண்டு ரோட்டில் அப்படி ஒரு கடை. பரோட்டாக் கல் அகலத்துக்குச் சப்பையாக ஒரு பெட்டி, பழைய சைக்கிள் ரிம்களுக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் நான் கையை வைத்த அதே நேரம் இன்னொரு கையும் வந்து விழுந்தது. மல்லிகை வாசம் அடிக்கும் கை. நிமிர்ந்து பார்த்தால் லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆள். நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டம் அவர்களுக்கு. விடியுமுன் வேனில் பூவை ஏற்றிக்கொண்டு வந்து திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அதற்கப்புறம் ஊர் சுற்றி யூனிக்ஸ் தேடுகிறவர். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். பூக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இத நான் நேத்தே பாத்துட்டுப் போனேங்க" என்றார்.

"பாத்தா ஆச்சா? எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றேன் நான்.

கடைக்கார பாய் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, இதுல பாட்டுக்கூடப் பாடாது. எடைக்குப் போட வச்சிருக்கேன். இதுக்கா ரெண்டு பேரு மல்லுக்கு நிக்கிறீங்க? பேசி முடிச்சிட்டு வாங்க, நான் தொழுதுட்டு வந்துர்றேன்." அவர் தொழுதுவிட்டுத் திரும்புவதற்குள் நாங்கள் கூட்டாக வாங்குவதென்று முடிவாகியிருந்தது. பச்சை எழுத்தில் ஒளிரும் திரையும் கீபோர்டுமாக ஒரு பழைய டெர்மினலையும் பாய் சும்மாவே தூக்கிக் கொடுத்தார்.

வைக்க இடம்? என் சித்தப்பா சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். சிரிக்காதீர்கள். ஊரிலேயே அமைதியான இடம் அதுதான். வந்தவர்கள் யாரும் பேரம்கூடச் சத்தமாகப் பேச மாட்டார்கள். பின்பக்க அறையைக் காட்டிக் கேட்டேன். "பொட்டியோட பொட்டியா இருந்துட்டுப் போகுது, வையி" என்றார் சித்தப்பா. பலகை அடுக்குக்கும் வெள்ளைத் துணிச் சுருளுக்கும் நடுவே எங்கள் யூனிக்ஸ் குடியேறியது.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு அரைத்தூக்கம் போல ஒரு சுகம் வரும். ஓட்டில் ஒரு கண்ணாடிச் சில்லு வைத்திருந்தார்கள். அதன் வழியே விழும் வெயிலில் மரத்தூள் மெதுவாக மிதந்துகொண்டே இருக்கும். முன்னால் இழைப்புளி ஓடும் ஓசை, பின்னால் மெஷின் விசிறியின் ஓசை. இரண்டும் கலந்து எது எதுவென்று தெரியாது. அந்த மெஷினுக்குள் இருந்த பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்தால் தன் பேரே அதற்கு மறந்துவிடும். என்ன வருஷம் என்று கேட்டால் நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம் ஒன்றைச் சொல்லும். ஊரில் கரண்ட் போகாத நாளும் கிடையாது. தினமும் அதற்குப் பேரும் தேதியும் நானே சொல்லிக்கொடுப்பேன். அப்புறம்தான் அது என்னோடு பேச ஆரம்பிக்கும். வெளியே தெருவில் குடிதண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும். சண்டைச் சத்தம் கேட்கும். அதெல்லாம் ஏதோ வேறு ஊரில் நடப்பது போலிருக்கும்.

பூக்காரருக்குக் காலை நேரம், எனக்கு மத்தியானத்துக்கு மேல். அச்சகத்தில் எனக்குப் பத்திரிகை வேலையெல்லாம் சாயங்காலம்தான் சூடுபிடிக்கும். ஆகவே ஒரே மெஷினில் படித்தோமே தவிர, ஒருவரையொருவர் பார்ப்பது அபூர்வம். முதல் வாரத்திலேயே அவர் எதையோ தெரியாமல் அழித்துவிட்டு, சொல்ல வெட்கப்பட்டு, சத்தமில்லாமல் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வந்து பார்த்தால் மெஷின் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதலில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து, தட்டித் தடவி, தபாலில் வரவழைத்த சிடியைப் போட்டு அரைகுறையாக உயிர் கொடுத்து, அதிலிருந்த கையேட்டுப் பக்கங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் படித்து, இருட்டுவதற்குள் எழுப்பிவிட்டேன். ஒரு மாதம் படித்ததைவிட அந்த ஒரு மத்தியானத்தில் அதிகம் படித்தேன் என்று தோன்றியது. சரி, நாமும் அவருக்கு இந்த உபகாரத்தைச் செய்வோம் என்று, கிளம்பும்போது வேண்டுமென்றே ஒரு ஃபைலில் கை வைத்து ஓரிடத்தில் உடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் அதைச் சரி செய்து, எனக்கு வேறொன்றை உடைத்து வைத்திருந்தார். எங்கள் படிப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. என்ன உடைத்தோம் என்று சொல்லக் கூடாது. துப்பும் கொடுக்கக் கூடாது. உடைத்திருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக அவர் பெட்டி மேல் ஒரு மல்லிகைப் பூ வைத்துவிட்டுப் போவார். நான் சித்தப்பாவின் மரச் சீவலில் ஒரு சுருளை வைப்பேன். சித்தப்பா ஒருநாள் கேட்டார், "ஏம்மா ஸ்டெல்லா, செத்தவனுக்குத்தான பூ வைப்பாக? அந்த மெஷினுக்கு எதுக்கு தெனமும் பூ?" என்று. "அதுவும் தெனமும் சாகுது சித்தப்பா" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இழைப்புளி நின்றுவிட்டது.

ஒருவர் உடைப்பதைத் தினமும் சரி செய்துகொண்டிருந்தால் அந்த ஆளே மெல்ல மெல்லத் தெரிய வருவார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பூக்காரர் ஒரே இடத்தில்தான் உடைப்பார். ஓர் எழுத்து மாறியிருக்கும். அதனால் எல்லாம் நிற்கும். அவ்வளவு சுத்தம். நான் அப்படியில்லை, ஒன்றை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மூன்றாவது என்று வீட்டுச் சண்டை மாதிரி இழுத்துவிடுவேன். அவருக்கு மனசு சரியில்லாத நாளில் உடைப்பும் ஏனோதானோவென்று இருக்கும். அவருடைய அக்காவுக்குப் பிள்ளை பிறந்த மறுநாள் அவர் உடைத்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவ்வளவு சந்தோஷம் அதில் இருந்தது. அவர் முகம் சரியாக ஞாபகத்தில் இல்லாமலேயே அவர் எப்படி யோசிப்பார் என்று எனக்கு அத்துப்படி. கனவிலும் பச்சை எழுத்து வரும். அதன் பின்னால் யாரோ ஒளிந்துகொண்டு சிரிப்பது போலிருக்கும்.

இப்படிப் படித்ததில் ஒரு கோளாறும் வந்தது. எங்களைப் போலப் படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு. ஒரு நாள் சரி செய்வதற்கே இருட்டிவிட்டதால் எதையும் உடைக்காமல் கிளம்பிவிட்டேன். மறுநாள் போனேன், பெட்டி மேல் பூ இல்லை. காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மெஷினை எழுப்பினால் நன்றாக எழுந்துகொண்டது. எங்கேயும் குறை தெரியவில்லை. அடேயப்பா, இந்தத் தடவை பெரிய ஆளாகிவிட்டாரே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஃபைலின் தேதி ஒரு தினுசாக இருந்தது. ஆகா, இதுதான் என்று மாற்றினேன். பின்னணியில் ஓடவேண்டிய ஒரு சர்வீஸ் சும்மா உறங்கிக்கொண்டிருந்தது. இதுவும்தான் என்று எழுப்பினேன். யாருக்கும் தேவைப்படாத ஓர் அனுமதி எங்கோ இருந்தது. பிடித்தேன் பார் என்று அதையும் எடுத்துவிட்டேன். அத்தோடு மெஷின் சுத்தமாகப் படுத்துவிட்டது. மறுநாளும் விடாமல் போராடினேன். அதற்கு மறுநாள் பூக்காரரே நேரில் நின்றார்.

"என்னங்க உடைச்சு வச்சிருக்கீங்க? மண்டை காயுது" என்றேன்.

"நானா? நான் வரவே இல்லையே. வண்டி ரெண்டு நாளா கொடைரோடுகிட்ட அச்சு முறிஞ்சு கெடந்துச்சு. பூவெல்லாம் வாடி, எங்கய்யாகிட்ட ஏச்சு வாங்கிட்டு இப்பத்தான் வாரேன்." திரையைக் குனிந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லா இருந்த மெஷின இம்புட்டு ரிப்பேர் பண்ணி வச்சிருக்கீங்களே, நான் உடைச்சிருந்தாக்கூட இம்புட்டு உடைச்சிருக்க மாட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சித்தப்பா எழுந்து வந்து, என்ன ஏது என்று தெரியாமலேயே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

இதெல்லாம் நடந்து சில மாதங்களில் அந்த மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் காயலான் கடைப் பெட்டியின் அண்ணன் ஒன்று அங்கே குளிர்பதன அறையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை நிஜமாகத் தொட்டுப் பழகிய ஆள் வேறு யாரும் வராததால் என்னை எடுத்தார்கள். பூக்காரர் இன்னும் பூ வேனில்தான் இருந்தார். பிற்பாடு அவரும் கோயம்புத்தூர் போய், பெங்களூர் போய், உங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருக்கும் அளவுக்கு வந்துவிட்டார், அது வேறு.

மில்லில் ஜெயந்தி டெஸ்பாட்ச் பில் போடுகிறவள். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். அப்பா முருங்கை போட்டிருந்தார். வீட்டில் முதல் சம்பளக்காரி அவள்தான். நூல் மூட்டை ஏறும் லாரிக்கு அவள் டெர்மினலில் இருந்து பில் வந்தால்தான் கேட்டைத் தாண்ட முடியும். அதனால் ஷிப்ட் ஆட்கள் வரும் நேரத்துக்கே அவளும் நானும் வந்துவிடுவோம். முந்தின நாள் சாயங்காலம் லீவு கேட்டு மேனேஜரோடு அவளுக்கு வாக்குவாதம். அதை ஆபீஸே பார்த்தது.

அன்று காலை அவளுடைய டெஸ்பாட்ச் ஃபைல் எதுவும் இல்லை. மொத்தமாகக் காணோம். லாரி நிற்கிறது. மேனேஜர் என் தலைக்கு மேல் வந்து நின்றுகொண்டு கேட்டார், "யாரு தொட்டது?"

கடைசியாக உள்ளே போய் வந்த பேர் யாருடையது என்று மெஷினே சொல்லும். ஜெயந்தி. நான் சொல்லவில்லை, அவரே திரையில் படித்துவிட்டார். நானும் மனசுக்குள் ஒரு கணம் அதையேதான் நினைத்தேன். உடைப்பு என்றாலே அதன் பின்னால் ஓர் ஆள் இருப்பார் என்றுதானே நான் படித்திருந்தேன்? அவளுடைய ஃபைல், அவளுடைய கோபம். பொருத்தமாகத்தான் இருந்தது.

"நேத்து சண்டை போட்டுட்டுப் போனாள்ல? அதான் அழிச்சிட்டுப் போயிருக்கா. அந்தக் கணக்க எதுலயாச்சும் காப்பி எடுத்து வச்சிருந்தாலும் வச்சிருப்பா. கேட்டுல வச்சுச் சோதிச்சுப் பாரு" என்றார் மேனேஜர், வாட்ச்மேனைக் கூப்பிட்டு.

"நானில்லீங்க சார். சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க. பில்லு போட்டு முடிச்சுட்டு அப்படியே எந்திரிச்சுப் போனனுங்க" என்றாள் ஜெயந்தி. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. காலை ஷிப்ட் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். கேட்டில் அத்தனை பேர் பார்க்க அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா உருண்டு ஓடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் வெளியே நிறுத்திவிட்டார்கள். மதியத்துக்குள் போலீசுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ அவதான்னு ஒரு வரி எழுதிக் குடும்மா, போதும்" என்றார் என்னிடம். "மெஷின் ஆளு நீ. நீ சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் அதிகாரம் பயங்கரமானது. திரையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான் என்பதால், நாம் சொன்னதுதான் நடந்ததாகிவிடும். எனக்கு வேலை புதிது. முதலாளி என் பேரைக்கூட அதுவரை கேட்டதில்லை. ஒரு வரி எழுதினால் நான் பெரிய ஆள். எழுதாவிட்டால், வெளியே நிற்பவளுக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் இருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. "செத்த நேரம் குடுங்க சார், முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பார்க்கப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. சம்பள ஃபைல் ஒன்று பாதியில் அறுந்திருந்தது. எந்தக் காலத்திலோ மூடிப்போன கேண்டீன் கணக்கு ஒன்று, யாரும் திறப்பதே இல்லை, அதற்குள்ளும் குப்பை. மெஷின் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு ஒன்றும் சிதைந்திருந்தது. வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸ் போனுக்கு ஓடினேன். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பூக்காரர் வழக்கமாக நிற்கும் கமிஷன் கடை நம்பர் எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் ஏலக் கூச்சல் காதைப் பிளந்தது.

விஷயத்தைச் சொன்னேன். "யாரோ உடைச்ச மாதிரியும் இருக்கு, உடைக்காத மாதிரியும் இருக்கு" என்றேன்.

"பூ வச்சிருக்கா?" என்றார்.

"வெளாடாதீங்க. ஒரு பிள்ளையோட பொழப்பு தொங்குது."

அவர் குரல் மாறிவிட்டது. "சரி, சொல்லுங்க. எந்தெந்த எடத்துல உடைஞ்சிருக்கு?" சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேண்டீன் கணக்கு இருக்குறதே தெரியுமா?"

"தெரியாது. அதுக்குள்ள போகவும் அவளுக்கு அனுமதி கெடையாது."

"அப்புறம் என்ன? நீங்க மூணு எடத்துல உடைப்பீங்க, நான் ஒரு எடத்துல உடைப்பேன். ஆனா எதுக்கு உடைச்சோம்னு பாத்தா தெரியும்ல? ஒரு எடத்த உடைச்சா இன்னொண்ணு நிக்கணும்னு ஒரு நெனப்பு இருக்கும். இதுல என்ன நெனப்பு இருக்கு? ஒண்ணுமே இல்ல. மனுசன் உடைச்சதில்லங்க இது. தானா அழுகுது. டிஸ்க்கப் பாருங்க."

போனை வைத்துவிட்டு அறைக்கு ஓடினேன். டிஸ்க்தான். சில நாட்களாகவே அது முனகியிருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே அங்கங்கே செத்துக்கொண்டு வந்திருக்கிறது. செத்த இடத்தில் யாருடைய ஃபைல் இருந்ததோ அது போயிற்று. ஜெயந்தியின் ஃபைல் அன்றாடம் எழுதப்படுவது என்பதால் முதலில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே, தினமும் நகல் எடுத்து வைக்கும் டேப்பிலிருந்து மாற்று டிஸ்க்கில் எல்லாவற்றையும் இறக்கினேன். அந்த வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. தப்பு என்று புரிந்ததும் முகம் வாடிப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, அந்தப் பொண்ண பின்பக்க கேட்டு வழியா வரச் சொல்லு. ஒண்ணும் நடக்காத மாதிரி வேலையப் பாக்கட்டும். நீ சிஸ்டத்தத் தெற. லாரி நிக்குது" என்றார்.

நான் போனேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப் சிமெண்டு பெஞ்சில் ஜெயந்தி உட்கார்ந்திருந்தாள். எத்தனை பஸ் போயிருக்கும், ஏறவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுது முடித்த முகம். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நானில்லைனு தெரிஞ்சுபோச்சுங்களாக்கா?"

"தெரிஞ்சுபோச்சு. வா, பின்னால கேட்டு வழியா போயிரலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "காலைல முன்னால கேட்டுல வச்சுத்தானுங்கக்கா பையக் கொட்டுனாங்க? ஷிப்ட்டுப் புள்ளைங்க எல்லாம் பாத்துட்டுப் போச்சுங்க. அந்தப் புள்ளைங்க வீட்டுக்குப் போறப்ப நான் திருடின்னு தான சொல்லிட்டுப் போகும்? நான் பின்னால வழியா உள்ள போய்க் குந்திக்கிட்டா அது யாருக்குங்க தெரியும்?"

மெஷினைப் பழையபடி எழுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துவிட்டிருந்தேன். "என்ன செய்யணுங்கற?" என்றேன்.

"ஷிப்ட்டு முடிஞ்சு சங்கு ஊதட்டுங்க. அவங்க வெளிய வாரப்ப நான் முன்னால கேட்டுல உள்ள வாரேன்."

திரும்பி வந்து மேனேஜரிடம் சொன்னேன். "லாரிக்காரன் கத்துறான், ஈரோட்டுப் பார்ட்டி போன் மேல போன், இதுல சங்கு ஊதுற வரைக்கும் நிக்கணுமா?" என்று குதித்தார்.

"அவ வராம நான் சிஸ்டத்தத் தெறக்க மாட்டேன் சார்" என்றேன். என்னை வெளியே போ என்று சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும். அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியே ரோட்டுக்கு அப்பால் சின்னதாகத் தெரிந்த அந்தப் பெஞ்சைப் பார்த்தார். எழுந்து கேட்டை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அப்புறம் நாங்கள் காத்திருந்தோம். வெயில் தார் ரோட்டில் தண்ணீர் போல ஓடிக்கொண்டிருந்தது. மில்லுக்குள் இருந்து வரும் இரைச்சல் ஒரே சீராக, உறக்கத்தில் கேட்பது போல வந்தது. காற்றில் பஞ்சு மிதந்தது. லாரிக்காரர்கூடக் கத்துவதை விட்டுவிட்டு, என்ன நடக்கப்போகிறது என்று படியில் உட்கார்ந்து பார்த்தார்.

சங்கு ஊதியது. தலையெல்லாம் பஞ்சோடு பெண்கள் கேட்டுக்கு வந்தார்கள். ஜெயந்தி ரோட்டைத் தாண்டி, அவர்கள் எதிரே நடந்து வந்தாள். வாட்ச்மேன் அவளைக் கண்டதும் அவசரமாக வழிவிட்டார். அவள் உள்ளே போகவில்லை. பையை அவரிடம் நீட்டினாள்.

"சோதிங்கண்ணா."

"ஐயோ, வேணாம்மா. நீ போம்மா" என்றார் அவர்.

"இல்லீங்கண்ணா, சோதிங்க. காலைல எல்லாரும் பாக்கத்தான் கொட்டுனீங்க. இப்பவும் எல்லாரும் இருக்காங்க."

பெண்கள் நின்றுவிட்டார்கள். வாட்ச்மேனுக்குக் கை வரவில்லை. பை இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது. அப்போது மேனேஜர் முன்னால் வந்து அந்தப் பையைத் தன் கையில் வாங்கினார். திறக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு எங்க மேலதாம்மா. மெஷின்ல டிஸ்க் போயிருச்சு. நீ ஒண்ணும் பண்ணல" என்றார். பிறகு அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அவளுக்கு முன்னால் ஆபீஸுக்கு நடந்தார்.

ஜெயந்தி அவர் பின்னால் நடந்தாள். நான் ஓடிப்போய் சிஸ்டத்தைத் திறந்தேன். முதல் பில்லை அவள்தான் போட்டாள். லாரி அன்றைக்கு ரொம்பத் தாமதமாகத்தான் ஈரோட்டுக்குப் புறப்பட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.